புடவைக்குள் போன கதைகள்

போன வாரம் என் தங்கை மகள் செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினாள். கோட்டு போட்ட ஒருவர், தினம் ஏதாவது கற்றுக்கொள், ஏதாவது படை, உன் மேல் நீயே முதலீடு செய் என்று அதட்டிக்கொண்டிருந்தார். "பெரிம்மா, உனக்குத்தான் சொல்றாரு" என்று அவளுக்குச் சிரிப்பு. அடிப் பாவி, இதைச் செய்ததற்காக ஒரு வேலையையே பறிகொடுத்தவள் நான்.

பல வருடங்களுக்கு முன்பு, ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் நகரியில் ரயிலேறித் தினமும் திருப்பதிக்குப் போவேன். ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பக்கம் வேலை. வீட்டில் பேச்செல்லாம் தமிழ். பத்தாவது வரை படித்ததோ தெலுங்கு மீடியம். தமிழில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. கூட வேலை பார்த்த சரோஜா திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரயிலில் வாரப்பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு தனக்குள்ளே சிரித்துக்கொள்வாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்த வயிற்றெரிச்சலில்தான் தமிழ் படித்தேன், அவளை நச்சரித்து, எழுத்து எழுத்தாக. முதலில் புத்தூர் வருவதற்குள் நாலு வரி. அப்புறம் ரேணிகுண்டாவுக்குள் ஒரு முழுக் கதை.

படித்தால் சும்மா இருக்க முடிகிறதா? எழுதக் கை அரித்தது. புதுப்புடவை மடிப்புக்குள் ஒரு வெள்ளை அட்டை வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிரித்துக் காட்டிய புடவைகளிலிருந்து விழுந்த அட்டைகள் கவுண்டருக்கு அடியில் கிடக்கும். கஞ்சி வாசனையடிக்கும் அந்த அட்டைகளில், சாப்பாட்டு வேளையில், தினம் ஓர் அட்டை நிறையக் கதை எழுதினேன்.

"இன்னாடி, துன்னாம எய்திக்கினே கீற? இதுல இன்னா வருது?" என்பாள் சரோஜா.

"வர்றது வரட்டும். நீ துன்னு."

எழுதியதை மறுபடி கவுண்டருக்கு அடியிலேயே சொருகி வைப்பேன். புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்.

ஒரு கல்யாண மாதம். கடையில் கால் வைக்க இடமில்லை. மடித்து அடுக்கும் அவசரத்தில், கைக்கு அகப்பட்ட அட்டைகளையெல்லாம் புடவைக்குள் வைத்துத் தள்ளியிருக்கிறேன். வேறு யாருமில்லை, நானேதான். கூட்டம் ஓய்ந்து குனிந்து பார்த்தபோது அடியில் ஒன்றுகூட இல்லை. அத்தனை கதையும் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டது.

நாலாம் நாள் சித்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது. முகூர்த்தப் புடவைக்குள் யாரோ சூனியம் எழுதி வைத்திருக்கிறார்களாம். தெலுங்குக்காரர்கள், நான் நுணுக்கி எழுதிய தமிழ் அவர்களுக்கு மந்திரமாகத் தெரிந்திருக்கிறது. என் கையெழுத்தின் அழகு அப்படி. நான் எழுதுவதுதான் கடைக்கே தெரியுமே, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் படித்துத் தெலுங்கில் சொல்லச் சொன்னார்.

அட்டையை வாங்கிப் படித்தேன். ரயிலில் ஜன்னல் சீட்டுக்காக ஒரு மாமியாரும் மருமகளும் போடும் சண்டை. கல்யாணப் பெண்ணின் அம்மா முதலில் முறைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அட்டை முடிந்துவிட்டது. "தர்வாத்தா?" என்றாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறாள், என்னிடம். மீதி இன்னொரு அட்டையில், யார் வீட்டுப் பீரோவிலோ. வாயாலாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், மேனேஜர் விடவில்லை. அவர்களுக்கு வேறு அட்டை வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, என் முன்னால் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டார். இனி எழுத மாட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லையென்றால் வீடு.

எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். "அட்டைய மாத்தி வச்சது என் தப்பு சார். அதுக்கு மன்னிப்பு எய்தித் தரேன். எய்தினது தப்பில்ல. சாப்பாட்டு நேரம் என்னுது."

அவர் தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சரோஜா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் வேலை வேண்டுமில்லையா?

பவர்லூமில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தெனம் எய்துறவதானே நீ? அந்த ஒரு வரிய எய்திக் குடுத்துட்டு வரக்கூடாதா?"

"அதுக்கா நான் எய்தக் கத்துக்கினேன்?" என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டு வாங்கி வந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தறிக்குப் போனார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இன்று லாட்ஜ் நிற்கிறது. மேனேஜர் எங்கே போனாரோ தெரியாது. சரோஜா சென்னைப் பக்கம் மகனோடு போனவள், போனவள்தான். ஜன்னல் சீட்டுச் சண்டையை மறுபடி நாலு தரம் எழுதிப் பார்த்துவிட்டேன், அந்தப் பழைய கதை கைக்கு வரவே இல்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரியும். அதற்காக நான் நிறுத்திவிடவில்லை. இன்று காலையும் ஒரு பக்கம் ஆயிற்று. இத்தனை வருடத்தில் நான் எழுதாதது ஒன்றே ஒன்றுதான், அந்த மேனேஜர் கேட்ட அந்த ஒரு வரி.