தண்ணீர் கலந்த ஊசி

லுக்குட் ஊர்க் கடை வரிசையில் இருக்கிற கிளினிக்கில், மரத்துப்போகிற மருந்தில் தண்ணீர் கலக்கிறார்களாம். பாசாரில் மீன்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அவர் மச்சினன் சொன்னாராம். மச்சினனுக்கு புக்கிட் பெலண்டோக் பக்கம் யாரோ சொன்னார்களாம். அங்கே கத்தி தேவலையாம், ஊசிதான் உயிரை எடுக்கிறதாம். திலகா மீனைப் பையில் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நடந்தாள். அந்தக் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக டாக்டருக்குக் கைத்துணையாக நிற்பவள் அவள்தான்.

கலப்பது உண்மை. ஆனால் கலப்பது தண்ணீர் அல்ல. மரப்பு மருந்துக்குப் புளிப்புத் தன்மை உண்டு. தோலுக்குள் இறங்கும்போது தீயாய் எரியும். ஒன்பது பங்கு மருந்துக்கு ஒரு பங்கு சோடா மருந்தைச் சேர்த்தால் அந்த எரிச்சல் அடங்கும். சிரம்பானில் நடந்த ஒரு பயிற்சியில் அதைக் கேட்டுவந்து டாக்டரிடம் சொன்னதே திலகாதான்.

வலியைக் குறைப்பதில் அவளுக்கு ஒரு வெறி என்றே சொல்லலாம். ஏழு வயதில் தோட்டத்து டிஸ்பென்சரியில், மரப்பு ஊசி போடாமலே அவள் முழங்காலில் நான்கு தையல் போட்டார்கள். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்துப் பிள்ளை தாங்கும் என்றார் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஊசி என்றால் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. குளிர்ந்த மருந்துப் புட்டியை உள்ளங்கையில் மூடிச் சூடேற்றுவாள். இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து வைப்பாள். ஊசி இறங்கும்போது பக்கத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்து, கவனம் திரும்பக் கால் விரலை ஆட்டச் சொல்வாள். மெதுவாக, மெதுவாக என்று டாக்டரின் காதுக்கருகே முணுமுணுப்பாள்.

இத்தனையும் தெரிந்தவள் ஒரு நாள் தவறு செய்துவிட்டாள். போன மாதம் ஆறுமுகம் முதுகில் கட்டியோடு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டுகிறவர். இரண்டு புட்டியிலிருந்தும் திலகா மருந்தை உறிஞ்சிக் கலப்பதை அவர் உற்றுப் பார்த்தார். சீழ் கட்டிய இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது. இன்னும் வலிக்கிறதா என்று டாக்டர் மலாய் மொழியில் கேட்டார். ஆறுமுகம், "தாப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு டாக்டர் கத்தி வைத்தார். துரை கேட்டாலும் கங்காணி மண்டோர் கேட்டாலும் தோட்டத்து வாய் அதைத்தான் சொல்லும். எலும்பு முறிந்தாலும் சொல்லும். அந்த வாயோடு பிறந்த திலகாவுக்கு அது தெரியும். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். அவள் பேசாமல் நின்றாள். ஆறுமுகம் மேசை விளிம்பைக் கடித்தார்.

இப்போது அந்தத் தண்ணீர்ப் பேச்சைக் கேட்டுத் திலகாவின் அத்தை முத்தாயி கிளினிக்குக்கு வர மாட்டேன் என்கிறாள். செம்பனை முள் மோதிர விரலில் ஏறி ஒன்பது நாள். சர்க்கரை வேறு. விரல் வீங்கிக் கருநீலமாகிவிட்டது. அத்தை மகன் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்த டாக்டர், நாளைக்குள் கீறி முள்ளை எடுக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்றார்.

மதியம் திலகா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தை இருக்கிற புக்கிட் பெலண்டோக் போனாள். அத்தை கையில் மஞ்சள் பற்று காய்ந்து வெடித்திருந்தது. திலகா சோடா மருந்தின் கதையை முழுக்க விளக்கினாள்.

"கள்ளுல தண்ணி ஊத்துனவனும் இப்படித்தான்டி சொன்னான், வயித்துக்கு நல்லதுன்னு," என்றாள் முத்தாயி.

முத்தாயியின் மகன் புனிதன் சிரித்தான். திலகாவால் சிரிக்க முடியவில்லை. பொய் சொல்லி அழைத்துப் போக மனம் வராமல், ஆறுமுகத்துக்கு நடந்ததை அப்படியே சொன்னாள். தாப்பாவுக்கு அர்த்தம் தெரிந்தும் தான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னாள்.

முத்தாயி காய்ந்த மஞ்சள் பற்றை நகத்தால் பெயர்த்தாள்.

"அப்ப அவனுக்கு வலிச்சது நெசம்தான்."

"நெசம்தான் அத்தை. ஒனக்கு மரத்துப் போச்சான்னு நானே குத்திப் பாத்துட்டுத்தான் கத்தி வைக்க விடுவேன்."

"அன்னிக்கும் நீதானே பக்கத்துல நின்ன?"

ஆமாம் என்று திலகா தலையாட்டினாள். கடைசியில் முத்தாயி, காலையில் பத்து மணிக்கு வருகிறேன், நீ போ என்றாள். வாசல்வரை வந்த புனிதன் குரலைத் தாழ்த்தினான். "அத சொல்லாமயே இருந்திருக்கலாம் லா, அக்கா. காதுல விழுந்த பேச்சுன்னு இருந்துச்சு. இப்ப நீயே சாட்சி சொல்லிட்ட."

மறுநாள் திலகா எட்டு மணிக்கே எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பத்தானது. பத்தரையானது. புனிதனிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கமாக ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. டாக்டரிடம் காட்டினாள். விஷம் ஏறுகிறது, இனி இங்கே முடியாது, போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல், இன்றைக்கே, என்றார் அவர்.

புனிதனை அழைத்தாள். எடுக்கவில்லை. அத்தையின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அடுத்த நோயாளியை உள்ளே விடச் சொல்லி டாக்டர் குரல் கொடுத்தார். திலகா ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்தபடி மறுபடியும் அத்தையை அழைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.