முழம் அளக்கும் கை

அறிவுச்செல்விக்கு நாகல் நகரில் பூக்கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு பெரிய குடை, கீழே ஒரு தண்ணீர் வாளி. விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மல்லி வாங்கி வருவாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேச்சாயி அதைச் சரமாகக் கட்டித் தருவாள். கட்டிய சரத்தைச் செல்வி தன் இடது முழங்கையில் வைத்து நடுவிரல் நுனி வரை நீட்டி அளப்பாள். அது ஒரு முழம். அவளுக்குக் கொஞ்சம் நீளமான கை. அதற்காகவே அவளிடம் வருகிறவர்கள் உண்டு.

அந்தக் கையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி கொட்டியது. சோறு வடிக்கும்போது மூடி நழுவிவிட்டது. புண் ஆறியது, நிறம் மட்டும் திரும்பவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக நின்றுவிட்டது.

“இது தொத்துமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இல்லக்கா, கஞ்சி கொட்டிருச்சு.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் பூ வாங்கிக்கொண்டு போனாள்.

செல்வி வலது கையில் அளந்து பார்த்தாள். சரம் கோணியது, முழம் குறைகிறது என்று சண்டை வந்தது. முழுக்கை ஜாக்கெட் போட்டால் ஈரப்பூ பட்டுப் பட்டு அது காயவே இல்லை. கடைசியில் அண்ணன் மகள் கீர்த்தனா தோல் நிறத்தில் பூசுகிற சாய டியூப் ஒன்று கொண்டுவந்தாள். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள் அவள்.

“இதப் பூசுங்கத்தே. அம்புட்டும் மறஞ்சிரும்.”

மறைந்துதான் போனது. தினமும் காலையில் செல்வி பூசிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பேச்சாயி சிரித்தாள். “என்ன தாயி, கைக்கு மட்டும் கல்யாணமா?”

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல கூட்டம், நல்ல வெயில். செல்விக்கு முழங்கை வரை வியர்வை வழிந்தது. காலையில் பூ வாங்கிப்போன சுந்தரம்மாள் பத்து மணிக்குத் திரும்பி வந்தாள். பல வருஷ வாடிக்கை அவள். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். வெள்ளைப் பூவில் வரி வரியாகச் சேற்று நிறம்.

“அம்மனுக்குச் சாத்த வாங்கிட்டுப் போனேன். என்னத்தா இது?”

நாலு பேர் நின்று பார்த்தார்கள். செல்வி தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை யோசிக்காமல் வந்தது.

“கட்டுறவங்க கைல ஏதாச்சும் இருந்திருக்கும்க்கா. வேற தாரேன்.”

பேச்சாயி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு டியூப்பைப் பற்றித் தெரியும். நாரைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.

“இனிமே இந்தம்மா கட்டுன பூ எனக்கு வேணாம்” என்றாள் சுந்தரம்மாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கென்று மார்க்கெட்டிலேயே கட்டிய சரம் ஒன்றை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தாள் செல்வி. அதை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் பேச்சாயியின் பக்கம் திரும்ப மாட்டாள். கையில் நிறம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

தோல் டாக்டரம்மா பஞ்சை நீட்டினார். “பூசினத மொதல்ல தொடச்சிரும்மா.” வரிசையில் நின்றவர்கள் பார்க்க அவள் துடைத்தாள். டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார்.

“தழும்பு தடிக்கல. வெள்ளையும் பரவல. தொடையிலருந்து கடுகளவு கடுகளவா தோல் எடுத்து இதுல நடலாம், நாத்து நடுற மாதிரி. ஒவ்வொண்ணச் சுத்தியும் நிறம் பரவும். மாசக்கணக்காகும். முழுக்க ஒண்ணுபோல வரும்னு சொல்ல மாட்டேன்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நான் சொல்ற நாள்லருந்து தினம் செத்த நேரம் காலை வெயில் படணும். பூசக் கூடாது, மூடக் கூடாது.”

தோல் நட்டுக் கட்டுப் போட்டிருந்த பத்து நாளும் பேச்சாயிதான் கடையைப் பார்த்தாள். தன் கையிலேயே அளந்து விற்றாள். சுந்தரம்மாள் அந்தப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் பேச்சாயி கணக்கோடு செல்வியின் வீட்டுக்கு வந்து, “வலி இருக்கா தாயி?” என்று கேட்பாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூடச் செல்விக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டைப் பிரித்த பிறகு கை முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. வெள்ளையில் கடுகை அள்ளி இறைத்ததுபோலப் புள்ளிகள். டாக்டர் சொன்ன நாள் வந்ததும் காலை எட்டு மணிக்குக் குடைக்கு வெளியே கையை நீட்டி உட்கார்ந்தாள். தெருவே பார்ப்பதுபோல இருந்தது.

அந்த நேரத்தில்தான் சுந்தரம்மாள் வந்தாள். “ரெண்டு முழம் குடு. அந்தம்மா கட்டுனது வேணாம், தெரியும்ல.”

பேச்சாயி குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள். செல்வியின் வலது கை மேசைக்கு அடியில் போனது. சரம் விரலில் பட்டது. எடுக்க முடியவில்லை.

“யக்கா, அன்னைக்குப் பூவுல ஒட்டுனது நான் இந்தக் கைல பூசுன சாயம். பேச்சாயிக்கா கை சுத்தமாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொல்லிட்டேன்.”

சுந்தரம்மாள் புள்ளி விழுந்த கையைப் பார்த்தாள், பேச்சாயியைப் பார்த்தாள். “இத இம்புட்டு மாசம் கழிச்சுச் சொல்ற” என்றாள். பூ வாங்காமல் போய்விட்டாள்.

பேச்சாயி தலையைத் தூக்காமலே சொன்னாள்: “கைய உள்ள இழுக்காத. இன்னும் அஞ்சு நிமிசம் வெயில் படணும்.”

கார்த்திகைக்குள் புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தன. சில இடம் கொஞ்சம் கறுப்பு, மணிக்கட்டுப் பக்கம் இன்னும் வெள்ளை. யாரும் இப்போது கையைப் பற்றிக் கேட்பதில்லை. சுந்தரம்மாளும் வர ஆரம்பித்து, பேச்சாயி கட்டிய பூவையே வாங்குகிறாள்.

பேச்சாயி மட்டும் ஒவ்வொரு சரம் தொடங்கும் முன்னும் வாளியில் கையை முக்கிக் கழுவுகிறாள். பங்குனிக்கு முன்னால் அந்தப் பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை.

“இன்னும் எதுக்குக்கா?” என்று ஒருநாள் செல்வி கேட்டாள்.

“பழகிருச்சு தாயி” என்றாள் பேச்சாயி, முந்தானையில் கையைத் துடைத்தபடி.

செல்வி சரத்தை முழங்கையில் வைத்து நீட்டினாள். எத்தனை முழம் அளந்தாள் என்பது மறந்துபோய், முதலிலிருந்து மறுபடி அளந்தாள்.