குஷன் அண்ணனும் முதலாளியின் கிராஷ்களும்

எங்கள் குடோனில் முதலாளி எதையும் கெடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. எல்லாம் தானாகவே கிராஷ் ஆகும். கம்ப்யூட்டர்மேல் காபியைக் கொட்டுவார், சிஸ்டம் கிராஷ். மச்சினன் பேச்சைக் கேட்டுப் பங்கு வாங்குவார், மார்க்கெட் கிராஷ். வருஷம் முழுக்க ஊர் சுற்றிய அருமை மகனுக்குப் பரீட்சைக்கு முந்தின வாரம் கிராஷ் கோர்ஸ். தொந்தி பெல்ட்டைத் தாண்டினால் கிராஷ் டயட். பசி அவருக்கு, வசவு எங்களுக்கு.

இந்த மகானுக்குக் கார் ஓட்டியவர் குஷன் அண்ணன். உயர விஷயத்தில் கடவுள் அவரிடம் கஞ்சத்தனம் காட்டிவிட்டதால், சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்து, மனைவி தைத்துக் கொடுத்த குஷனைப் போட்டுத்தான் உட்காருவார். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்த நல்ல பெயர்தான் அவருடைய ஒரே சொத்து.

ஒரு மதியம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்த நேரம். முதலாளி தானே காரை எடுத்தார். போனில் யாரையோ திட்டிக்கொண்டே கேட் தூணில் ஏற்றினார்.

"கார் கிராஷ் ஆயிடுச்சுப்பா" என்றார், தூண் ஓடிவந்து மோதியதுபோல. "என் லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. இன்சூரன்ஸ்காரர் வருவார். நீதான் இடிச்சேன்னு சொல்லிடு."

"நான் இடிக்கலையே சார்!"

"வேலை வேணுமா, வேணாமா?"

அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் மனைவி வெடித்தது எங்கள் காதிலும் விழுந்தது. "அந்தாளு இடிச்சா கிராஷு, நீங்க இடிச்சா குடிச்சிட்டு இடிச்சான்னு சொல்வாங்க. அப்புறம் எவன் உங்களை நம்பிச் சாவி குடுப்பான்? குஷனை எடுத்துக்கிட்டு வீடு வந்து சேருங்க!"

தூணில் சாய்ந்தபடியே இருந்த காரைச் சுற்றிப் பார்த்தார் இன்சூரன்ஸ்காரர்.

"இவன்தான் சார். கண்ணைப் பொடனியில வச்சுக்கிட்டு ஓட்டுறான்" என்றார் முதலாளி.

அண்ணனுக்குக் காதுவரை கொதித்தது.

"எப்படி இடிச்சீங்க? உட்கார்ந்து காட்டுங்க" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

முதலாளி தம் நெடுங்காலுக்காகச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தார். குஷனைப் பின்சீட்டில் வீசியிருந்தார். இரண்டையும் மறந்துவிட்டார். அண்ணன் எதையும் தொடாமல் ஏறி அமர்ந்தார். கண்ணுக்கு நேரே ஸ்டியரிங். பிரேக்குக்கு ஒரு சாண் முன்னால் கால் அந்தரத்தில் ஆடியது.

"இப்படித்தான் சார் இடிச்சேனாம்" என்று பல்லைக் கடித்தார். "காலுதான் எட்டமாட்டேங்குது."

இன்சூரன்ஸ்காரர் முதலாளியின் காலை அளப்பதுபோல் பார்த்தார்.

அண்ணன் இறங்கிக் கதவை அறைந்தார். குஷனை எடுத்துத் தட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"டேய், வேலை போயிடும்டா!"

"போகலை சார்" என்றார் அண்ணன், திரும்பாமலே. "கிராஷ் ஆயிடுச்சு."