சுவருக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மண்ணம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மண்ணை நனைத்து, நசுக்கி, எவ்வளவு பாரத்துக்குச் சரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் உத்தியோகம். விருந்துக்குப் போன வீட்டிலும் படியேறுமுன் அஸ்திவாரத்தைத்தான் பார்ப்பாள் என்று புருஷன் கேலி செய்வார்.

ஆற்றோரத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெரு. அதைத் தாங்கி நின்றது மூன்று ஆள் உயரத் தடுப்புச் சுவர். ஏழாவது வீடு அவள் அக்காவுடையது.

அந்த வருஷம் வெள்ளம் சுவரின் விளிம்பைத் தொட்டது. ஐந்து நாள் ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். சுவர் அசையவில்லை. ஆறாம் நாள் மேலே அணையின் மதகுகளை மூடியதும் ஆறு மளமளவென்று இறங்கியது. எல்லோரும் வீடு திரும்பினார்கள். அக்கா தரையைக் கழுவி, மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டாள்.

மண்ணுக்குள் நீர்மட்டம் பார்க்கத் தெருவோரம் புதைத்திருந்த குழாய்க்குள் மண்ணம்மா அளவு நாடாவை இறக்கினாள். ஆறு ஒரே நாளில் மூன்று மீட்டர் இறங்கியிருந்தது. சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள் இருந்த தண்ணீரோ ஒரு சாண்கூட இறங்கவில்லை. நீர் வடியச் சுவரில் விட்டிருந்த ஓட்டைகளை வண்டல் அடைத்திருந்தது. அலுவலகம் போய்க் கணக்குப் போட்டாள். தாங்கும் பலத்தைச் சரிக்கும் பலத்தால் வகுத்தால் வெள்ளத்தன்று ஒன்றரை. இப்போது ஒன்றுக்கு மயிரிழை மேல். ஒன்றுக்குக் கீழே போனால் சுவரும் தெருவும் ஆற்றில். மறுபடி போட்டாள். அதே விடை.

மேலதிகாரி நல்ல மனுஷர்தான். ஆனால் ஜனங்களை மறுபடி கிளப்புவதென்றதும் தயங்கினார்.

“அவ்வளவு வெள்ளத்துக்கே நின்ன சுவரும்மா. வெள்ளம் போனப்புறமா விழப்போகுது?”

“வெள்ளம் முன்னால நின்னு முட்டுக்கொடுத்துச்சு சார். இப்ப அந்த முட்டு இல்ல. பின்னால மண்ணு தண்ணியைக் குடிச்சுட்டு கனத்துப்போய் நிக்குது.”

அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் தெருவை மூன்று நாள் காலி செய்யக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவிடம் அவளே போய்ச் சொன்னாள். அத்தான் பாதி காய்ந்த மெத்தையைச் சுருட்டினார். அக்கா மட்டும், “உன் கணக்குக்கு என் வீடுதான் கிடைச்சுதாடி?” என்று கேட்டாள். அதன்பிறகு நான்கு மாதம் அவளோடு பேசவில்லை.

சாரம் கட்டிச் சுவரில் பன்னிரண்டு துளைகள் போட்டார்கள். முதல் துளையிலேயே கலங்கல் தண்ணீர் முழ நீளத்துக்குப் பீறிட்டது. இரண்டு நாள் விடாமல் ஓடியது. சுவரின் தலை ஆற்றுப் பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்ததை அளவெடுப்பவர் கண்டு சொன்னார். அறிக்கையில் அது ஒரு வரி. மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தது. சுவர் விழவில்லை.

விழாததால் தெருவில் அவளுக்குப் பூச்சாண்டி அம்மா என்று பெயர் வந்தது. அவள் காதுபடவே சொன்னார்கள். மறுக்க அவளிடம் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, அத்தானுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபின் பார்க்கப் போனாள். அக்கா கதவைத் திறந்து, வாசலை மறித்து நின்றபடியே கேட்டாள்.

“நெஜமாவே விழுந்திருக்குமா?”

“தெரியாதுக்கா. விழுந்தாத்தான் தெரியும். அப்படித் தெரிஞ்சுக்க எனக்கு மனசு வரல.”

அக்கா விலகி வழிவிட்டாள். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.