கதவில் ஒரு சாக்பீஸ் நட்சத்திரம்

“…அப்ப என் மூஞ்சிய எதுக்குத் தம்பி இம்புட்டுப் பெருசா போட்டிருக்கிய?” என்று அக்கா கேட்டபோது, தாராவி மைதானத்துச் சுவரில் அவர் முகம் ஓராள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டிருந்தது. எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர். கையில் சாக்பீஸோடு யார் வீட்டு வாசலிலோ நின்றபோது யாரோ எடுத்த படம்.

“நான் போடலக்கா. ஜனங்க அனுப்புறது. அதுவா பெருசாகுது,” என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது.

அது ஒரு கலைக் காட்சி. பக்கத்து மாட்டுங்காவிலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருவர் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வைத்துச் செய்தது. மனதிலிருக்கும் சந்தேகத்தைப் படத்தோடு போனில் அனுப்பினால் சுவரில் விழும். மற்றவர்கள் ‘நம்புறேன்’ என்று அழுத்த அழுத்தப் படம் பெரிதாகும். ஒன்றோடொன்று சிவப்புக் கோட்டில் சேரும். வதந்தி வளர்வதை ஜனங்கள் தாங்களே கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். கூட்டத்துக்கு விளக்கிச் சொல்ல என்னைப் பிடித்தார். “உங்கிட்ட ஊமையும் ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போவான்” என்று அக்கா என்னைச் சொல்வதுண்டு.

முதலில் எல்லாம் சிரிப்புதான். பிறகு யாரோ ஒரு கதவில் இருந்த சாக்பீஸ் நட்சத்திரத்தை அனுப்பி, ‘இந்தக் குறி இருக்குற வீடெல்லாம் பில்டருக்கு ரகசியமா கையெழுத்துப் போட்டாச்சு’ என்று எழுதிவிட்டார்கள். வீடுகளை இடித்துவிட்டு பில்டர் மாடிக் கட்டடம் கட்டப்போகிறார் என்ற பேச்சில் யாருக்கும் தூக்கமில்லாத நேரம் அது. நட்சத்திரங்கள் வந்து குவிந்தன. எல்லாக் கோடும் அக்காவின் படத்தில் போய் முடிந்தது.

டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் சர்ச் கேரல் கோஷ்டி கிளம்பும் முன் அக்காதான் ஒவ்வொரு வாசலிலும் போய்க் கேட்பார். பாட வரலாம் என்கிற கதவில் நட்சத்திரம். நோயாளியோ துக்கமோ இருந்தால் குறியில்லை. எங்கள் சந்துக்கு இது தெரியும். தெரிந்தவர்களே இப்போது அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அக்காவின் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். “எதையும் அழிக்க மாட்டோம்னு சொல்லித்தான் ஆரம்பிச்சோம்,” என்றார் அந்தப் பெண், குரல் இறங்கி. “நீங்க உண்மைய அனுப்புங்களேன், அதுவும் வரும்.”

அக்கா சொல்ல நான் அனுப்பினேன். கட்டைவிரல் அளவுக்கு வந்தது. அடுத்த நொடியே அதன் கீழே ஒன்று: ‘மாட்டிக்கிட்டா வேற என்ன சொல்லுவா?’ அது மளமளவென்று வளர்ந்தது.

“என் கதவுல குறி இல்ல, பாத்தியளா?” எங்கள் சந்துக்காரர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “நான் விலை போகல!”

“ஏண்ணே, பச்சப்புள்ள தூங்குது, பாட்டு வேண்டாம்னு நீங்கதான சொன்னிய?” என்றார் அக்கா.

“சொன்னேன். அதையே சாக்கா வச்சு நீ வேற எதுக்குக் குறிச்சியோ, யாருக்குத் தெரியும்? இந்த வருசம் எவன் உனக்குக் கதவத் தொறக்கான்னு பாப்போம்.”

அக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பார்க்கப் பார்க்க அவர் முகம் இன்னும் கொஞ்சம் பெரிதானது.

அவர் விறுவிறுவென்று எங்கள் சந்துக்குள் நடந்தார். கூட்டம் பின்னாலேயே வந்தது. பலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நட்சத்திரம் போட்ட முதல் கதவின் முன் நின்று, முந்தானையால் அதை அழுத்தித் துடைத்தார். கூடவே வந்திருந்த, கத்தியவரின் கையில் தன் இடுப்பில் செருகியிருந்த சாக்பீஸைத் திணித்தார்.

“பிடிங்கண்ணே. உள்ள இருக்கவங்க பாட வாங்கன்னா நட்சத்திரத்த நீங்களே போடுங்க.”

பிறகு கதவைத் தட்டினார்.