தன்னை நீக்கிய குழுவில் வந்தமர்ந்த வேல் அண்ணை

செவ்வாய்க்கிழமை மாலை வேல் அண்ணையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "நாளைக்கு மழை எண்டு போட்டிருக்கு. மைதானம் சேறாய்க் கிடக்கும். நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு வாங்கோ." புதன்கிழமை காலை, இரண்டாவது பாடத்துக்கும் மூன்றாவது பாடத்துக்கும் நடுவில், அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சப்பாத்தைப் பற்றித்தான் மறுபடி சொல்லப்போகிறார் என்று நினைத்து, "ஓம் அண்ணை, போட்டுக்கொண்டுதான் வந்தனான்" என்றேன். மறுமுனையில் அவருடைய மனைவி. "ரீச்சர், அவர் போயிட்டார்" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடல் கூசுகிறது.

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் தோர்ன்டன் ஹீத்தில் உள்ள தன் வீட்டின் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு. வேல் அண்ணையை பஸ் சாரதியாகவும், கோயில் தேர் நாட்களில் தொண்டராகவும் அறிந்தவர்கள் உங்களில் பலர். நான் அவரை அறிந்தது ஓர் உதைபந்தாட்டப் பயிற்சியாளராக. அதுவும் அவரை வேலையிலிருந்து நீக்கிய மூவரில் ஒருத்தியாக. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

தென் லண்டனில் நான் கணிதம் கற்பிக்கும் கல்லூரியின் அணிக்கு அவர் பகுதிநேரப் பயிற்சியாளராக இருந்தார். ஆட்டங்கள் புதன்கிழமை பிற்பகலில் நடக்கும். அவரை நீக்கிய வருடம் கிறிஸ்மஸ் வரை அணி ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. நிர்வாகம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது: துணை முதல்வர், விளையாட்டுத் துறைத் தலைவர், நான். உதைபந்தாட்டம் பற்றி ஒன்றும் தெரியாததால் நடுநிலையாக இருப்பேன் என்று காரணம் சொன்னார்கள். ஒரு தமிழரை நீக்கும் தாளில் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பது நல்லது என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கு அது விளங்காமலும் இல்லை.

விசாரணையன்று அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏன் தோற்கிறீர்கள் என்று துணை முதல்வர் கேட்டார். பாதிப் பேர் வார இறுதிகளில் சுப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள், களைத்த கால்களோடு வருகிறார்கள், அதனால் ஓட்டத்தைக் குறைத்து நிற்கும் இடங்களைப் பழக்குகிறேன், பலன் மார்ச் மாதம் தெரியும் என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். எங்களுக்கு அது சாக்குப்போக்காகப் பட்டது. பிறகு அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் ஒரு மட்ச் எண்டாலும் வந்து பாத்தனீங்களோ?"

"இல்லை."

"சரி."

என்ன கேட்டார் என்று துணை முதல்வர் விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். அறிக்கையில் "முன்னேற்றத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை" என்ற வாக்கியத்தை எழுதியவள் நான்தான்.

வேறொருவராக இருந்தால் அந்தக் கல்லூரி இருந்த தெருவுக்கே வந்திருக்க மாட்டார். வேல் அண்ணை ஜனவரியில், புதிய பயிற்சியாளர் டேனியல் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், ஒரு கொப்பியோடு வந்தார். யாருக்கு ஆஸ்துமா, யார் நோன்பு பிடிப்பவன், யாருக்கு இடது முழங்காலில் பழைய காயம் எல்லாம் அதில் இருந்தன. ஒருவனுடைய பெயருக்கு எதிரே, இவனைப் பார்த்துக் கத்த வேண்டாம், வீட்டில் போதுமான அளவு கத்துகிறார்கள் என்று எழுதியிருந்ததாக டேனியல் பின்னர் என்னிடம் சொன்னார்.

டேனியலின் அணியும் தோற்றது. அடுத்த வருடம் மீண்டும் குழு கூடியது. இம்முறை பயிற்சியாளர் தகுதிச் சான்றிதழ் உள்ள வெளியார் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். நான் வேல் அண்ணையின் பெயரைச் சொன்னேன். நியாயம் தேடிச் சொன்னேன் என்று பெருமை பேசமாட்டேன். மனம் குறுகுறுத்ததால் சொன்னேன். அவர் பழிதீர்க்க மாட்டாரா என்று துணை முதல்வர் தயங்கினார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

தொலைபேசியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஓம், வாறன். ஆனால் மூண்டு கிழமை தாங்கோ. பாக்காமல் நான் ஒண்டும் சொல்லேலாது" என்றார்.

ஷிப்ட் மாற்றிக்கொண்டு மூன்று புதன்கிழமைகள் வந்தார். முதல் நாள் நானும் போனேன். மைதானக் கோட்டுக்கு வெளியே அவர் நிற்பதைக் கண்டதும் டேனியலின் முகம் வெளுத்தது. விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்து நின்றார். வேல் அண்ணை தலையை மட்டும் அசைத்துவிட்டுக் குடையை மடக்கினார். குடை பிடித்தால் பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்குமாம். அன்று அவருக்குப் பின்னால் நின்றவள் நான் ஒருத்திதான்.

குழுக் கூட்டத்தில் துறைத் தலைவர் நீக்கும் முடிவோடுதான் வந்திருந்தார். வேல் அண்ணை அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னதன் சாரத்தை, பஸ் தரிப்புக்கு நடந்துபோகும்போது எனக்குத் தமிழிலும் சொன்னார்.

"முந்திப் பந்து போன பிறகுதான் ஓடுவாங்கள். இப்ப பந்து வர முதலே ஓடத் தொடங்கியிருக்கிறாங்கள். அது ஸ்கோரில வராது. பிழையும் இருக்கு. தோத்தால் டேனியல் பெடியளோட ஒரு வார்த்தை கதைக்காமல் காருக்குப் போறார். அதை நிப்பாட்டச் சொன்னனான். ஆளை நிப்பாட்ட வேண்டாம்."

டேனியல் தப்பினார். எனக்குத்தான் வாய் அடங்கவில்லை. "அப்ப உங்களை நிப்பாட்டினது பிழைதானே அண்ணை?" என்றேன்.

"என்னை நிப்பாட்டினது பிழை எண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லை. எனக்கும் குறை இருந்தது. பாக்காமல் நிப்பாட்டினதுதான் பிழை."

"அண்ணை, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"பஸ் வருது ரீச்சர். ஏறுங்கோ."

ஏறிவிட்டேன். அதன்பிறகு பல புதன்கிழமைகள் அவருடன் கோட்டோரம் நின்றிருக்கிறேன். ஓப்சைட் என்றால் என்ன என்று அவர்தான் விளக்கினார். இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. ஆனால் விட்ட இடத்திலிருந்து அந்த வாக்கியத்தை நான் தொடரவே இல்லை. அடுத்த புதன் சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுவாரம் வியாழக்கிழமை, தகனசாலைக்கு டேனியல் கறுப்புக் கோட்டு அணிந்து வந்திருந்தார். தேவாரம் பாடும்போது பக்கத்தில் நின்று, என்ன பாடுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். வெளியே வந்ததும் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, அணி தோற்ற ஒவ்வொரு புதன்கிழமையும் மாலையில் வேல் அண்ணை அவரை அழைப்பாராம். இவ்வளவு காலமும் அவர் பக்கத்தில் நின்ற என்னிடம் இதை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

"வென்றால்?" என்று கேட்டேன்.

"வென்ற நாட்களில் அழைக்கமாட்டார். வெல்லும்போது உன்னை அழைக்க நிறையப் பேர் இருப்பார்கள் என்பார்." பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நேற்றும் தோற்றோம். வீட்டுக்குப் போய் வெகுநேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்."

இருவரும் காரில் ஏறாமல் அப்படியே நின்றோம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று எழுத உட்கார்ந்தால், முதலில் வருவது நான் சொல்லி முடிக்காத அரை வாக்கியம். அது என்னோடு இருக்கும். மற்றையது ஒரு வழக்கம். சென்ற கிழமை எங்கள் துறைக்கு வந்திருக்கும் இளம் விரிவுரையாளரைப் பற்றி மதிப்பீடு எழுதும்படி படிவம் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். அவகாசம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னைக் கண்டு அவருடைய குரல் நடுங்கியது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.