சத்தம் வைக்காத வருஷம்

தொலைக்காட்சியை அணைத்தவுடன் அதன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். கூடவே, கையிலுள்ள மயிரெல்லாம் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு முழங்கைவரை ஏறும். சூடான தூசியும் பழைய பலகையும் கலந்த ஒரு வாசனை அதற்கு இருந்தது. நான்கு கால்களும் முன்பக்கம் இழுத்து மூடுகிற மரக்கதவுகளும் கொண்ட அந்தக் கறுப்பு வெள்ளைச் சாதனத்தை எங்கள் வீட்டில் யாரும் தொலைக்காட்சி என்று சொன்னதில்லை. அது "பொட்டி". "பொட்டியைத் தொறங்க", "பொட்டியை மூடுங்க, கண்ணு கெட்டுப்போகும்" என்றுதான் அம்மா சொல்வார்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு என்ற இடத்தில் ஒரு "பிளாட்" வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பெர்ரியில் வேலை. எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போய் வருகிற கப்பலில் கார்களை, எங்கள் பேச்சில் காடிகளை, வரிசையாக ஏற்றி நிறுத்துவார். தம்பி முகுந்தனுக்கு அப்போது நான்கு வயது. அவனைவிட ஐந்து வயது மூத்தவள் நான். சாயங்காலத்தில் ஆங்கிலத்தில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி வரும். துணிப் பொம்மைகள் எழுத்துகளைத் தூக்கிக்கொண்டு ஓடும், எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், பெரியது எது, சிறியது எது, உள்ளே, வெளியே, கிட்டே, தூரம் என்று திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அம்மா ஊட்டுகிற சோற்றுக்கு வாயைத் திறந்தபடி தம்பி பார்ப்பான். என்ன சொல்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அவன் தட்டு காலியாகும், அம்மாவுக்கு அது போதும்.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காடியில் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா உயிரோடு திரும்பவில்லை. என்ன காய்ச்சல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிளாட்டின் கீழ்த்தளத்தில், மோட்டார் சைக்கிள்களை நகர்த்தி இடம் செய்து அம்மாவைக் கிடத்தினார்கள். சவப்பெட்டி வந்தது. யாரோ "பொட்டியில வச்சாச்சா?" என்று கேட்டார்கள். யாரோ "வச்சாச்சு, புள்ளைங்கள கூப்பிடுங்க" என்றார்கள். பிறகு "பொட்டிய மூடிரலாமா?" என்றார்கள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றான். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கப் போடுகிற மருந்து ஈறை மரக்க வைக்குமே, அப்படி மார்புக்குள் ஓர் இடம் மரத்துக் கிடந்தது.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஜெலுத்தோங்கிலிருந்து துணிமணிகளோடு வந்து எங்களுடனேயே தங்கிவிட்டார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. விடியும் முன்பே எழுந்து "பாசாருக்கு"ப் போய் மீன் வாங்கி வருவார், எங்கள் சட்டைகளை இஸ்திரி போட்டு வைப்பார், சிரிக்க மாட்டார். வந்த அன்றே தொலைக்காட்சியின் கதவுகளை இழுத்து மூடி, மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்.

"துக்க வீடு. வருஷ தெவசம் முடியறவரைக்கும் இந்தப் பொட்டியில சத்தம் கேக்கக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு தம்பி சாப்பிட மறுத்தான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, வாயைத்தான் திறக்கவில்லை. காலையில் எழுந்தால் போர்த்தியிருந்த அந்த வேட்டிக்கு முன்னால் போய் உட்காருவான். யாராவது தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் அங்கேயே இருப்பான். பொம்மைப் படத்துக்கு ஏங்குகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அப்பா, சட்டைகூட மாற்றாமல், வேட்டியை உருவிப் போட்டுவிட்டுக் கதவுகளைத் திறந்தார். சத்தம் வைக்கிற திருகை இடதுபக்கமாகக் கடைசிவரை திருப்பிவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டார்.

அத்தை சமையலறையிலிருந்து வந்து அப்பாவின் எதிரில் நின்றார். "என்ன தம்பி பண்றே? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சத்தம்தானே கூடாதுன்னு சொன்னீங்க, அக்கா. சத்தம் இல்லலா."

கண்ணாடியில் ஒரு பெரிய எழுத்து குட்டிக்கரணம் போட்டது. தம்பி வாயைத் திறந்தான். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து அவனருகில் உட்கார்ந்தார்.

அப்படித்தான் அந்த வருஷம் போயிற்று. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் பொம்மைகள் வாயை அசைத்தன, பிள்ளைகள் கைதட்டினார்கள், எழுத்துகள் வந்து போயின, எதற்கும் ஒலி இல்லை. கீழே பந்து விளையாடுகிறவர்களின் கூச்சலும் மீன் பொரிகிற சத்தமும்தான் எங்களுக்குக் கேட்டன. நாங்களும் மெதுவாகவே பேசப் பழகியிருந்தோம். தம்பி அந்த எழுத்துகளுக்கெல்லாம் தானே பெயர் வைத்தான். முதல் எழுத்து "ஏணி". நெளிந்து வருகிறது "பாம்பு". தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி மாதிரி இருந்த நான்கு, "நாக்காலி". ஒரு நிகழ்ச்சியில் பொம்மை ஒன்று தொலைவுக்கு ஓடிச் சின்னதாகும், பிறகு மூச்சிரைக்க ஓடி வந்து கண்ணாடியை அடைத்துக்கொண்டு நிற்கும். தம்பியும் அதையே செய்வான். வாசற்கதவுவரை ஓடுவான், திரும்பி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டுவான், கையை ஆட்டி எதையோ கூப்பிடுவான், மறுபடியும் ஓடுவான். அத்தை கொஞ்சம் பயந்து போய் அவன் நெற்றியில் விபூதி பூசினார். நான் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஜனவரியில், அம்மாவின் வருஷம் முடியச் சில மாதங்கள் இருந்தபோது, அவனைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். டீச்சர் எழுத்து அட்டைகளைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இவன் ஏணி, பாம்பு என்று சொல்லியிருக்கிறான். கூடப் பாடச் சொன்னால் பாடவில்லை, வாயை மட்டும் அசைத்திருக்கிறான். அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எழுத்தெல்லாம் நல்லா வரையறான். ஆனா பேரு ஒண்ணுகூடத் தெரியல. காது கேக்குதான்னு ஒருவாட்டி பாத்துடுங்க" என்றார் டீச்சர்.

அம்மாவைச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். வாசலில் அப்பா வெகுநேரம் நின்றார். உள்ளே ஒரு தமிழ் "மிஸ்ஸி", அதாவது நர்ஸ், தம்பியின் காதுகளில் பெரிய கேட்பானை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை எடுத்து டின்னுக்குள் போடச் சொன்னார். அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"காதுல ஒரு குறையும் இல்லைங்க. ரொம்பச் சின்னச் சத்தம்கூட கேக்குது" என்றார் மிஸ்ஸி. டீச்சர் கொடுத்தனுப்பிய தாளில் தம்பி வரைந்திருந்த எழுத்துகளைக் காட்டி, "இந்த எழுத்தெல்லாம் எங்க கத்துக்கிட்டான்? வீட்டுல டிவி இருக்கா?"

"இருக்கு. சத்தம் வைக்கிறதில்ல."

"ஏன்?"

அப்பா தன் கைகளைப் பார்த்தார். "என் சம்சாரம் செத்துப்போச்சு" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "போயிட்டா", "இல்லாம போச்சு" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். மிஸ்ஸி கேட்பானை எடுத்து வைத்துவிட்டு, "சத்தம் வைங்க, அண்ணே. பையனுக்குப் பேச்சு வேணும்" என்றார்.

விஷயத்தைக் கேட்ட அத்தை மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் தானே திருகைப் பிடித்துத் திருப்பினார். பழக்கமில்லாததால் அதிகமாகத் திருப்பிவிட்டார். கூட்டமாகப் பிள்ளைகள் பாடுகிற ஓசை ஒரேயடியாக வெடித்து வீட்டை நிறைத்தது. தம்பி துள்ளி எழுந்தான். கண்ணாடியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வீறிட்டான்.

"அம்மா சத்தம் இல்ல! இது அம்மா சத்தம் இல்ல!"

அத்தை பதறிப்போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அம்மா இதுக்குள்ள இருக்காங்கன்னு யாருடா சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. எல்லாரும் சொன்னீங்க. அம்மாவப் பொட்டியில வச்சாச்சுன்னு."

அத்தையின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா நடைபாதைக்குப் போய், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். அவன் கதவுக்கும் கண்ணாடிக்கும் ஓடி ஓடி யாருக்கு வழி காட்டினான் என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தது நினைவுக்கு வர, உள்ளே போய் இறக்கி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் இருவரையும் பெர்ரியில் அழைத்துக்கொண்டு போனார். நடுக்கடல் வந்ததும் தம்பியைத் தூக்கிக் கம்பியோரம் நிறுத்தி, அம்மாவை எரித்ததையும், சாம்பலைக் கடலில் கரைத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். தம்பி தண்ணீரையே பார்த்தான்.

"அம்மா கிட்ட இருக்காங்களா, தூரமாப்பா?"

அப்பா யோசித்தார். "தூரம்யா" என்றார்.

தம்பி தலையாட்டினான். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். அதன் பிறகு அத்தை தினமும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். தேதி பார்த்து யாரும் தெவசத்துக்குக் காத்திருக்கவில்லை. ஏணிக்கும் பாம்புக்கும் உண்மையான பெயர்கள் வந்து சேர்ந்தன. வகுப்பில் அவன் மற்றப் பிள்ளைகளைப் போலவே பாடினான். டீச்சர் மறுபடி அப்பாவைக் கூப்பிடவில்லை.

அந்தத் தொலைக்காட்சியைப் பிறகு பழைய சாமான்காரன் எடுத்துப் போனான். அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. துக்க வீட்டில் தொலைக்காட்சிக்குத் துணி போர்த்துகிறவர்களை நான் இப்போது பார்ப்பதில்லை. முகுந்தன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். அந்த வருஷத்தில் எதுவும் அவனுக்கு நினைவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தட்டுகளைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்: "அக்கா, அம்மா சத்தம் எப்படி இருக்கும்?"

அம்மா பேசியது ஒன்றும் எங்களிடம் பதிவாக இல்லை. அவர் சொன்ன வார்த்தைகள் எனக்கு நினைவில் இருக்கின்றன, எந்த இடத்தில் நின்று சொன்னார் என்பதுகூடத் தெரிகிறது. மெல்லிய குரலா, கனத்த குரலா என்று தேடிப் பார்த்தேன். எப்போது அது என்னை விட்டுப் போனதென்று தெரியவில்லை. போனதை அதுவரை நான் கவனிக்கவும் இல்லை.

"தெரியலடா" என்றேன்.

"பரவால்லக்கா" என்று சொல்லி, அடுத்த தட்டைக் கையில் எடுத்தான்.